வெறும் விளக்கெண்ணெய்

சிமெண்டுக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவனுக்கு முதலில் போவது முதுகு என்றுதான் வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். முதுகு போக வருஷக்கணக்காகும். முதலில் போவது கண் இமை மயிர். மூட்டையின் வாய்த் தையலிலிருந்து தூசி கொட்டிக்கொண்டே இருக்கும். நெற்றி வியர்வை அதன்மேல் இறங்கும். சிமெண்டுக்குத் தண்ணீர் என்ன, வியர்வை என்ன, எல்லாம் ஒன்றுதான். பொழுது சாய்வதற்குள் ஒவ்வொரு மயிரின் நுனியிலும் கடுகளவு கல் கட்டியிருக்கும். புதிதாக வந்தவன் நகத்தால் பிய்ப்பான். கல்லோடு மயிரும் வந்துவிடும். கொஞ்ச நாளில் உரித்த முட்டை மாதிரி மொழுக்கென்ற கண்ணோடு திரிவான். தூசிக்குத் தடுப்பு இல்லாமல் கண் எப்போதும் சிவந்து நீர் வடியும். குடிகாரன் என்பார்கள். குடிக்கவும் செய்வான், அது வேறு விஷயம்.

அந்தக் கிடங்கில் சாம்பல் என்று எல்லோரும் கூப்பிடும் ஆளுக்கு மட்டும் இமை மயிர் அடர்த்தியாக இருந்தது. அது அவன் பெண்டாட்டியின் கைவேலை.

அவளும் அங்கேதான் வேலை பார்த்தாள். கிழிந்த மூட்டையிலிருந்து சிந்துவதைக் கூட்டி, சலித்து, திரும்பக் கட்டும் வேலை. வீட்டுக்கு வந்ததும் முதலில் அடுப்பைப் பற்றவைத்து உலை ஏற்றுவாள். பிறகு அவனைக் கதவோரம் முக்காலியில் உட்காரவைப்பாள். பழைய துணியின் நுனியை விளக்கெண்ணெயில் நனைத்து, இரண்டு கண்ணின் மேலும் ஒத்தி வைப்பாள்.

"கண்ண மூடு."

"மூடிட்டேன்."

"மூடிட்டுப் பேசாத. வாயத் தொறந்தா கண்ணும் சேந்து தொறக்குது உனக்கு."

உலை கொதிக்கும்வரை அப்படியே இருக்க வேண்டும். அப்புறம் துணியை எடுத்துவிட்டு, ஆள்காட்டி விரலாலும் கட்டைவிரலாலும் மயிரைப் பிடித்து உருட்டுவாள். ஊறிய கல் வழுக்கிக்கொண்டு வரும். ஒரு மயிர்கூட அறாது. உள்ளங்கையில் சேர்ந்த பொடிக்கற்களை அவன் மூக்குக்கு நேராக நீட்டுவாள்.

"இத மட்டும் சேத்து வெச்சிருந்தா இந்நேரம் சொந்தமா ஒரு வீடு கட்டியிருக்கலாம்."

"கட்டலாம். மணலுக்கு எங்க போறது?"

"அதான் உன் மண்டைக்குள்ள இருக்கே."

மிச்ச எண்ணெயை அவன் உள்ளங்கை வெடிப்பில் தேய்ப்பாள். சிமெண்டு தின்ற கை அது. ரேகையெல்லாம் பிளந்து, உள்ளே சிவப்பு தெரியும். காலையில் வேலைக்குக் கிளம்பும்போதும் கையில் ஒரு பூச்சு. மற்றவர்களுக்கு வாரம் ஒருநாள் கையில் ரத்தம் வரும், அவனுக்கு வராது. கிடங்கில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். "மேஸ்திரி கண்ணுல வெளக்கெண்ணெய விட்டுக்கிட்டுப் பாருடாங்கிறாரு. நாமெல்லாம் சும்மா பாக்கறோம். சாம்பல் அண்ணன்தான் சொன்னபடி நடக்கிற ஆளு" என்பான் அவனோடு ஜோடி போட்டு மூட்டை ஏற்றும் நெட்டை.

சாம்பலின் மனசில் ஒரு எண்ணம் ஊறிப்போயிருந்தது. கல்லாய்ப் போனதையும் அந்த எண்ணெய் பிடியை விட வைக்கும். பிடித்துக்கொண்டது எதுவானாலும் ஊற்றிவிட்டுக் காத்திருந்தால் போதும்.

இவர்களுக்கு ஒரே பெண். சின்ன உடம்பு, பெரிய கண், முழங்கால்வரை எட்டும் வாய். சுண்டு என்று கூப்பிட்டார்கள். உடம்பில் சேராத சதையெல்லாம் முடியாகப் போயிருந்தது அவளுக்கு. இடுப்பைத் தாண்டிக் கிடக்கும். அம்மா வேலைக்குக் கிளம்பும்முன் அதைச் சீவி, ஒற்றைப் பின்னலாக இறுக்கிப் போட்டு, நுனியில் கறுப்பு ரிப்பனைச் சுற்றி முடிச்சுப் போடுவாள். இறுக்கினால் சுண்டுவின் புருவம் மேலே ஏறும். வகுப்பில் பாடம் நடக்கும்போது பின்னலை முன்னால் இழுத்துப் போட்டு நுனியை அவிழ்த்து விளையாடுவது அவள் வழக்கம். அதனால் அம்மா முடிச்சுப் போட்டதும் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, தினமும் ஒன்றையே சொல்லுவாள்:

"நான் வந்து அவுக்கற வரைக்கும் கை வெக்காத. வெச்ச, கைய ஒடிச்சுருவேன்."

அன்றைக்கும் அதைத்தான் சொன்னாள். தலைவலி என்று நெற்றியில் துணியை இறுகக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். மத்தியானம் சல்லடையைப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுக்கிய மூட்டைமேல் சாய்ந்தாள். தூங்குகிறாள் என்று மற்ற பெண்கள் நினைத்தார்கள். "அண்ணி தூங்குது, மேஸ்திரி வந்தா எழுப்பி விடுங்க" என்று நெட்டை சொல்லிவிட்டுப் போனான். மேஸ்திரி வந்தார். எழுப்பினார்கள். தலைக்குள் நரம்பு வெடித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அடக்கம் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். சாம்பல், சுண்டு, சாம்பலின் தங்கை. தங்கை இரண்டு தெரு தள்ளி இருந்தாள். துணிக் கம்பெனியில் சட்டைகளுக்குக் காஜா எடுக்கும் வேலை. சுண்டு ஒரு சொட்டு அழவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் அதைப் பேசினார்கள். "புள்ளைக்கு இன்னும் புரியல" என்றார்கள். புரியாமல் என்ன? அவளுக்கு நன்றாகவே புரிந்திருந்தது.

"வா கண்ணு, தலைக்கு ஊத்திவிடறேன். ஒரே தூசியா இருக்கு" என்று அத்தை அவளை உட்காரவைத்து ரிப்பனில் கை வைத்தாள். சுண்டு திரும்பி அந்தக் கையைக் கடித்தாள். பல் நன்றாகப் பதிந்தது.

"என்னடி பண்ற? பேயா நீ?"

"அம்மா அவுக்கற வரைக்கும் கை வெக்கக் கூடாது."

அத்தை கையை உதறிக்கொண்டே அண்ணனைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தான்.

"விடு. அவளுக்கா தோணும்போது அவுக்கட்டும்."

"அவளுக்கு எப்ப தோணும்? கெழவி ஆனப்புறமா?"

"விடுன்னு சொல்றேன்ல."

விட்டுவிட்டார்கள். சுண்டு கழுத்துக்குக் கீழேதான் குளித்தாள். பின்னலைத் துண்டில் சுற்றி வாயால் கடித்துக்கொண்டு குளித்தாள். நாள் போகப்போகப் பின்னலைச் சுற்றிச் சின்னச்சின்ன மயிர்கள் கிளம்பின. உச்சியில் புதிதாக வளர்ந்த முடி பின்னலுக்குள் அடங்காமல் புஸ்ஸென்று நின்றது. ராத்திரி தலையைச் சொறிந்துகொண்டே புரளுவாள். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரும் பெண்ணை டீச்சர் வேறு பெஞ்சுக்கு மாற்றிவிட்டார்.

அந்த நாட்களில் சாம்பலுக்கு இமையைப் பற்றிய ஞாபகமே இல்லை. வந்து முக்காலியில் உட்காருவான். கல் கட்டிய கண்ணோடு அப்படியே இருப்பான். ஒருநாள் அறியாமல் நகத்தால் பிய்த்தான். நான்கைந்து மயிர் கல்லோடு விரலில் வந்தது. எதிரே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த சுண்டு எழுந்துவந்தாள்.

"பிய்க்காதப்பா."

அலமாரி மேலிருந்து விளக்கெண்ணெய் பாட்டிலை எடுத்தாள். துணி நுனியை நனைத்தாள். அம்மா நின்ற இடத்தில் நின்று, அம்மா ஒத்திய மாதிரியே ஒத்தினாள்.

"கண்ண மூடு. மூடிட்டுப் பேசக்கூடாது."

அவன் மூடிக்கொண்டான். துணிக்கு அடியில் கண்ணில் ஊறியது எண்ணெய் மட்டும் இல்லை. சின்ன விரல்கள் தட்டுத்தடுமாறி உருட்டின. இரண்டு மயிர் அறுந்தது. அவன் முகத்தைச் சுளிக்கவில்லை.

முடிந்ததும் பாட்டிலை அவள் கையிலிருந்து வாங்கினான்.

"அரிக்குதா தலை?"

"ம்."

"எண்ணெ வெச்சு விடட்டுமா?"

அவள் யோசித்தாள். "அவுக்கக் கூடாது."

"அவுக்கல. மேலாப்புல ஊத்தறேன். ஊறுனா அரிப்பு நிக்கும்."

தலையைக் குனிந்து காட்டினாள். உச்சியிலிருந்து ஊற்றினான். கெட்டியான எண்ணெய், தேன் மாதிரி மெதுவாக இறங்கிப் பின்னலின் ஒவ்வொரு மடிப்பிலும் தங்கியது. நுனிவரை உருவிவிட்டான். அவன் உள்ளங்கை வெடிப்புக்குள் இருந்த சிமெண்டுத் தூளும் அதோடு போனது. எத்தனை கழுவினாலும் அந்தக் கையிலிருந்து அது முழுசாகப் போவதில்லை. அரிப்பு அன்றைக்கு நின்றது. சுண்டு புரளாமல் தூங்கினாள்.

அதிலிருந்து அது தினப்படி வேலையானது. அவன் கண்ணுக்கு அவள், அவள் தலைக்கு அவன். சாயங்காலம் அந்த வீட்டில் பேச்சு வந்தது. டீச்சர் என்ன புடவை கட்டினார், யார் யாருக்கு அடி விழுந்தது, நெட்டைச் சித்தப்பா மூட்டையோடு எப்படி வழுக்கி விழுந்தார், எல்லாம் பேசினார்கள். அம்மாவைப் பற்றி மட்டும் பேசவில்லை. பின்னல் பளபளவென்று கறுத்து, கனத்து, முதுகில் தொங்கியது. அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் சாம்பலுக்கு அதன் மடிப்புகள் தெரியும். ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே அளவில், அவள் விரல் அன்றைக்குக் காலையில் இழுத்துப் போட்ட மடிப்பு. அவள் செய்ததில் இன்னும் கலையாமல் இருப்பது இது ஒன்றுதான் என்று நினைத்தான். துணியெல்லாம் கொடுத்தாயிற்று. பாத்திரம் தங்கை வந்து கழுவிக் கழுவி இடம் மாறிவிட்டது. இது மட்டும் அவள் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

கடைசியில் பள்ளிக்கூடத்திலிருந்து ஆளிடம் சொல்லி அனுப்பினார்கள். மற்றக் குழந்தைகள் வாசனை தாங்கவில்லை என்கிறார்கள், தலையைச் சுத்தம் செய்யாமல் அனுப்ப வேண்டாம். தங்கை அன்றைக்கே வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

"நீ அவுக்கறியா, நான் அவுக்கட்டுமா? எனக்கு இன்னொரு கை இருக்கு, கடிக்கச் சொல்லு."

"நான் பாத்துக்கறேன்."

"என்னத்தப் பாத்துக்குவ? மூட்டை தூக்கற கைக்குத் தலை பின்னத் தெரியுமா?"

தெரியாதுதான். ஆனால் சுண்டு கேட்டதும் அதையேதான். அவிழ்க்கலாமா என்று அவன் மெதுவாகக் கேட்டபோது, பின்னலை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"அவுத்தா அப்புறம் யாரு போடுவா?"

"நான் போடறேன்."

"அம்மா மாதிரியே?"

"அதே மாதிரி. இதே இறுக்கம்."

"வெட்டக் கூடாது. கத்திரிக்கோலே வீட்டுக்குள்ள வரக் கூடாது."

"வராது. வெட்ட மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

வரும் லீவு நாளில் என்று பேச்சு முடிந்தது. அதுவரை கிடங்கில் சாப்பாட்டு நேரத்தில் அவன் பின்னல் கற்றுக்கொண்டான். சொல்லிக்கொடுத்தது நெட்டை. அக்காவும் தங்கையுமாக நான்கு பெண்களுக்கு நடுவில் வளர்ந்தவன். மூட்டை தைக்கும் சணல் கயிற்றை மூன்று கற்றையாக லாரியின் பின்கதவுக் கொக்கியில் கட்டினான்.

"வலது மேல, இடது மேல. நடுவுல இருக்கறது எப்பவும் அடியில போகும். நம்ம பொழப்பு மாதிரி வெச்சுக்கண்ணே."

சாம்பல் பின்னினான். முதலில் தளர்ந்தது, பிறகு கோணியது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டோடு வந்து சுற்றி நின்றார்கள்.

"லாரிக்கு ஜடை போட்டாச்சு. இனிமே மாப்ள பாக்க வேண்டியதுதான்."

"பாத்தா டிராக்டரு மாப்ளையாத்தான் பாக்கணும். ஜாதகம் பொருந்தும்."

"சிரிங்கடா. நாளைக்கு உங்க பொண்ணுக்கும் அண்ணன்கிட்டதான் வந்து நிக்கப் போறீங்க" என்றான் நெட்டை. தாயில்லாத பிள்ளைக்குத்தானே அப்பன் பின்ன வேண்டும் என்பது சொன்ன பிறகுதான் உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டான். எல்லோரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். சாம்பல் அவிழ்த்துவிட்டு மறுபடி ஆரம்பித்தான். லீவு வருவதற்குள் அவன் போட்ட பின்னலில் நெட்டையால் குறை சொல்ல முடியவில்லை. கை அவனுக்கு எப்போதும் படிந்த கைதான்; வேலை எது என்பதுதான் புதுசு.

அந்தக் காலையில் ஒரு பெரிய பானை நிறையத் தண்ணீர் காய்ச்சினான். எண்ணெய் இவ்வளவு இருக்கிறது, முதலில் அது போனால்தான் சிக்குப் பிடிபடும் என்று கணக்குப் போட்டான். சுண்டுவைக் குழாயடியில் குனிய வைத்து, பின்னலோடேயே சுடுதண்ணீரை ஊற்றி, சோப்புப் போட்டு, துணி துவைப்பதுபோல இரண்டு கையாலும் கசக்கினான். அழுக்கு நுரையாக வந்தது. கசக்கக் கசக்க ஏதோ உள்ளுக்குள் இறுகுவதுபோல இருந்தது. நனைந்தால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தான். மறுபடி சோப்புப் போட்டான், மறுபடி கசக்கினான்.

துவட்டி, உள்ளே கூட்டிவந்து, வெளிச்சத்தில் உட்காரவைத்தான். சுண்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ரிப்பன நானே அவுக்கட்டுமா?"

"நீயே அவு."

முடிச்சு லேசில் வரவில்லை. பல்லால் இழுத்து அவிழ்த்தாள். ரிப்பனுக்குக் கீழே இருந்த நுனி மயிர் தூரிகை மாதிரி விரிந்தது. அவனுக்கு உயிர் வந்தது. அதற்கு மேல் விரலை விட்டான். போகவில்லை. இன்னும் மேலே பார்த்தான். எங்கேயும் போகவில்லை. பின்னல் முன்பு இருந்ததைவிடக் கட்டையாகி, கழுத்துப் பக்கமாகச் சுருங்கி ஏறியிருந்தது. தட்டினால் சத்தம் வரும்போல இருந்தது.

அவனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். பாட்டிலில் இருந்த எண்ணெயை முழுதும் ஊற்றினான். உலை கொதிக்கும் நேரம் காத்திருந்தான். உருட்டிப் பார்த்தான். இன்னொரு உலை நேரம் காத்திருந்தான்.

"வருதாப்பா?"

"வருது."

சீப்பின் பல் ஒடிந்தது. கோணி ஊசியை எடுத்து, அதன் மழுங்கிய பக்கத்தால் ஒரு மடிப்பின் இடுக்கில் நெம்பினான். ஊசி நுழைய இடுக்கு இல்லை. மடிப்பு என்று கண்ணுக்குத் தெரிந்தது. தொட்டால் மடிப்பு இல்லை. நெம்பும்போதெல்லாம் சுண்டுவின் தலை பின்னால் இழுபட்டது. அவள் முக்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். வலிக்கிறது என்று சொல்லவில்லை.

மத்தியானம் தங்கை சோற்றுத் தூக்கோடு வந்தாள். வாசற்படி தாண்டும்போதே மூக்கைச் சுளித்தாள். தூக்கை வைத்துவிட்டு வந்து பின்னலை ஒரு கையில் தூக்கிப் பார்த்தாள். காலிப் பாட்டிலை எடுத்து முகர்ந்தாள்.

"இதத்தான் இத்தன நாளா ஊத்துனியா? வெறும் எண்ணெயவா?"

"வேற எத ஊத்தறது?"

"அண்ணி என்னிக்கு வெறும் வெளக்கெண்ணெயத் தலைக்கு வெச்சாங்க? இது ஒரு பங்குன்னா தேங்காயெண்ணெ மூணு பங்கு. லேசா சூடு பண்ணி, முடிய விரிச்சுப் போட்டு, அடி மயிருக்குத் தொட்டு வெப்பாங்க. சிக்கெடுத்துச் சீவினப்புறந்தான் பின்னல். வெறும் எண்ணெய ஊத்திக் கட்டியாக் கெடந்தத வெந்நில கசக்குனா பசையாத்தான் போகும்."

"எனக்குத் தெரியாது."

"ஏன் தெரியாது? ஒரே வீட்டுலதான இருந்தீங்க?"

அந்தப் பாட்டிலோடு பெண்டாட்டியின் கை வேலை செய்த நேரமெல்லாம் அவன் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

தெருமுனையில் பெண்களுக்கு முடி வெட்டும் கடை இருந்தது. தங்கை போய்க் கடைக்காரியைக் கையோடு கூட்டிவந்தாள். அவள் பின்னலைக் கட்டைவிரலால் அடியிலிருந்து நுனிவரை அழுத்திக்கொண்டே வந்தாள். முகத்தில் எதையும் காட்டாத பெண்.

"இது இப்ப முடி இல்லீங்க. கம்பளி மாதிரி ஆயிருச்சு. முடிக்குள்ள முடி பூந்து பூட்டிக்கிச்சு. ஒரு வாரம் ஒக்காந்தாலும் வராது. இதுக்கு முன்ன ஒருத்தருக்குப் பாத்திருக்கேன். அவங்களுக்கும் எடுத்துத்தான் விட்டோம்."

"எடுத்துன்னா?"

"வெட்டித்தான்."

சுண்டு அப்பாவைப் பார்த்தாள்.

"நான் வெட்ட மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்" என்றான் சாம்பல்.

"நீங்க வெட்ட வேணாம். நான் வெட்டறேன். உங்க சத்தியத்துக்கும் பங்கம் வராது."

அது நியாயமாகத்தான் இருந்தது. ஒரு நிமிஷம் அவனுக்கு அதில் ஏறித் தப்பித்துவிடலாம் என்றும் இருந்தது. பிறகு வேண்டாம் என்று தலையை ஆட்டினான். கடைக்காரி புரிந்துகொண்டு கிளம்பினாள். போகும்போது தங்கையிடம், கழுத்துப் பக்கம் தோல் புண்ணாகியிருக்கிறது, ஒட்டி வெட்ட வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

சாம்பல் முக்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"சுண்டு."

"வெட்ட மாட்டேன்னு சொன்ன."

"சொன்னேன்."

"இப்ப?"

"இப்ப வெட்டணும். அப்பா கெடுத்துட்டேன். எனக்குத் தெரிஞ்ச மாதிரி பண்ணேன். எனக்குத் தெரிஞ்சது தப்பு."

அவள் அவன் கையைப் பார்த்தாள். எண்ணெய் முழங்கைவரை வழிந்திருந்தது.

"அம்மா வந்து அவுத்திருந்தா வந்திருக்குமா?"

பொய் சொல்லலாம். அம்மாவாலும் முடியாது என்று சொன்னால் குழந்தைக்கு ஆறுதலாக இருக்கும். அவனால் பெண்டாட்டியை அப்படி விட்டுக்கொடுக்க முடியவில்லை.

"வந்திருக்கும்" என்றான்.

சுண்டு தலையை ஆட்டினாள். முக்காலியில் திரும்பி, அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பின்னலைத் தானே எடுத்து முதுகுக்கு நடுவில் சரியாகப் போட்டாள்.

தங்கையின் பையில் துணி வெட்டும் பெரிய கத்திரிக்கோல் இருந்தது. "நான் பண்ணட்டுமாண்ணா" என்று கேட்டாள். அவன் கையை நீட்டினான். கழுத்துக்கு ஒரு விரல் கீழே கத்திரியின் வாயை வைத்து அழுத்தினான். வெட்டவில்லை. எண்ணெயில் வழுக்கியது. துணியால் பிடித்துக்கொண்டு, நுனி வாயால் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்க வேண்டியிருந்தது. தார்ப்பாயைக் கிழிப்பதுபோல நறநறவென்று சத்தம் வந்தது. அது தன் தலைக்குள்ளேயே கேட்டிருக்க வேண்டும் சுண்டுவுக்கு. தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தது. தங்கை பார்க்க மாட்டாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கடைசி இழை அறுந்ததும் பின்னல் அவன் கையில் விழுந்தது. நல்ல கனம். அறுத்த முனையைத் திருப்பிப் பார்த்தான். வலது, இடது, நடு என்று மூன்று கற்றை இருக்க வேண்டும். தேடினான். மரக்கிளையை வெட்டின இடம்போல ஒரே வட்டமாக இருந்தது.

சுண்டு கையைப் பின்னால் கொண்டுபோய்க் கழுத்தைத் தொட்டாள். கை காற்றில் துழாவியது. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்துப் பார்த்தாள்.

"லேசா இருக்கு" என்றாள்.

சொன்னதும் அவள் முகம் மாறியது. லேசாக இருக்கிறது என்று தன் வாயாலேயே சொன்னது அவளுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து வந்து அவன் கையிலிருந்ததைப் பார்த்தாள்.

"இதுல அம்மா போட்டது எது?"

அவன் மேல்பக்கத்து மடிப்பைக் காட்டப் போனான். விரல் அங்கே போய் நின்றுவிட்டது. மடிப்பின்மேல் சிமெண்டுத் தூளும் எண்ணெயும் சேர்ந்து சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு படிந்திருந்தது.

"எல்லாமே..." என்று ஆரம்பித்தான்.

"இல்ல. அது அம்மா போட்டது இல்ல. அது நீ போட்டது."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. சுவரோரம் போய் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்தாள். முதலில் சத்தமே இல்லை, முதுகு மட்டும் குலுங்கியது. பிறகு "அம்மா" என்று கூப்பிட்டாள். பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுவதுபோல, இங்கே வந்து பார் என்று கூப்பிடுவதுபோல. பதில் வருமா என்று கொஞ்சம் நிறுத்திவிட்டு, மறுபடி கூப்பிட்டாள். அப்புறம் நிறுத்தவில்லை. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. தெருவில் போனவர்கள் நின்றார்கள்.

சாம்பல் பக்கத்தில் போய்க் குந்தினான். அவளைத் தூக்க இரண்டு கையையும் நீட்டினான். எண்ணெய் சொட்டியது. அந்தக் கையோடு அந்தத் தலையைத் தொட அவனுக்குத் தைரியம் வரவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

தங்கை அடுப்படியிலிருந்து வந்தாள்.

"போய் கையக் கழுவிட்டு வாண்ணா."

"இவ..."

"அழட்டும். இத்தன நாளா எங்க வெச்சிருந்தாளோ. நீ போ."

குழாயடியில் காலையில் போட்ட சோப்பு கரைந்து தரையோடு ஒட்டிக் கிடந்தது. அதைச் சுரண்டி எடுத்துத் தேய்த்தான். விளக்கெண்ணெய் சீக்கிரம் போகாது. மண்ணை அள்ளித் தேய்த்தான். உள்ளே அவள் கூப்பிடுவது கேட்டுக்கொண்டே இருந்தது. வெடிப்புக்குள் மண் போய் எரிந்தது. இன்னும் கொஞ்சம் மண்ணை அள்ளினான்.